நைனாவின் தூரிகை

கும்மிடிப்பூண்டிக்கு ரயில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்கள். மீதிப் பேர் அவர்களைத் தேடிப் போகிறவர்கள். நான் இரண்டாவது ஜாதி. அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், ஊரிலேயே சிறிய வீடாகக் கட்டிக்கொண்டு, அதற்கு 'நிழல்' என்று பெயரும் வைத்துவிட்டார். பெயர்ப் பலகைக்கு ஏற்பாடு செய்ய என்னையும் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். எழுத்தாளன் கூட இருந்தால் எழுத்துப் பிழை வராது என்பது அவருடைய நம்பிக்கை. நான் அதைக் கெடுக்கவில்லை.

கடை வாசலில் பிளெக்ஸ் சுருள்கள். கண்ணீர் அஞ்சலியும் காதணி விழாவும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. ஒரு மூலையில், 'தலைக்கவசம் அணிக' என்று தமிழிலும் ஹிந்தியிலும் எழுதிய தொழிற்சாலைப் பலகைகள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"அச்செழுத்து வேண்டாம் தம்பி. அந்தக் காலத்துப் பலகை மாதிரி, கையால எழுதினாப்போல இருக்கணும்" என்றார் நண்பர்.

"அப்படின்னா எங்க நைனா பிரஷ்ஷைத்தான் சார் எடுக்கணும்."

மேஜை இழுப்பறையைத் திறப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் போட்டோஷாப்பைத் திறந்தார். திரையில் வரிசையாகச் சில கறுப்புக் கறைகள் தெரிந்தன. நான் விழித்ததைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்துவிட்டது.

"கம்ப்யூட்டர்ல பிரஷ்ஷுன்னா ரப்பர் ஸ்டாம்பு மாதிரிதான் சார். நாம இழுக்க இழுக்க, அது குத்திக்கிட்டே போகும். நெருக்கமாக் குத்தினா கோடு."

செய்தும் காட்டினார். இடைவெளியை 150 சதவீதம் வைத்து இழுத்தார். கோலப் புள்ளிகள் விழுந்தன. 25 என்றதும் புள்ளிகள் கைகோத்துக்கொண்டன. 2 என்றதும் வழவழவென்று கோடு. ஒரு மல்லிகைப் பூவை ஸ்டாம்பாக்கி, இழுக்கிற திசைக்குத் தக்கபடி திரும்பச் சொல்லிவிட்டால், அஞ்சலிப் படத்துக்கு ஒரே இழுப்பில் மாலை தயார். நிறம் மட்டும் அதில் தங்காது. கறுப்பு பதியும், வெள்ளை மறைந்துவிடும், சாம்பல் பாதி பதியும். சாமந்தியோ கனகாம்பரமோ, நிறம் பிறகு நாம் கொடுப்பது. இலவசமாகக் கிடைக்கும் 'ஜிம்ப்' மென்பொருளில் நிறத்தோடேயே தூரிகை செய்துகொள்ளலாம்.

அவருடைய தகப்பனார் சுவர் விளம்பரமும் கடைப் பலகையும் எழுதியவர். வேலை தொடங்குமுன், பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தூரிகையை நாலு தரம் வைத்துப் பார்ப்பாராம். அவர் காலமான பிறகு மகன் அந்தத் தாள்களை ஸ்கேன் செய்தார். முதலில் முழுக் கோட்டையே தூரிகையாக்கினார். கோட்டின்மேல் கோடு விழுந்து சேறாகிவிட்டது. மயிர்நுனி தாளைத் தொட்ட அந்த ஒரு குத்தை மட்டும் எடுத்தால் போதும், இழுப்பு தம்முடைய கையிலிருந்து வர வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது. தாளின் பழுப்பை வெளுத்து, சாயத்தைக் கறுப்பாக்கி, பதினொரு தூரிகைகள் செய்துகொண்டார்.

2015 டிசம்பரில் திருவள்ளூர் மாவட்டமே வெள்ளக்காடானபோது கடைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. கம்ப்யூட்டரோடு தூரிகைகளும் போயின. தனிக் கோப்பாக எடுத்து வைக்க அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

"நைனா ரெண்டாந்தரமும் செத்துட்டாருன்னு நெனச்சேன் சார்."

நல்ல வேளை, காலண்டர் தாள்கள் வீட்டுப் பரணில் இருந்தன. மறுபடியும் உட்கார்ந்து செய்தார். இந்தத் தடவை 'சாம்பிள்டு பிரஷ் 1' என்று மென்பொருள் தானாக வைத்த பெயரோடு விடவில்லை. 'நைனா, தட்டை, காய்ந்தது', 'நைனா, உருண்டை, ஈரம்' என்று பெயரிட்டு, எல்லாவற்றையும் ஒரு தொகுதியில் சேர்த்து, ஏபிஆர் கோப்பாக வெளியே எடுத்தார். பென் டிரைவில் ஒரு பிரதி, ஈமெயிலில் ஒரு பிரதி, தங்கை வீட்டில் ஒரு பிரதி.

நார்வே நாட்டு ஓவியர் எட்வர்ட் மூங்க் 1944-இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற தூரிகைகளை மாதிரியாக வைத்து, 2017-இல் அடோபி நிறுவனமும் ஆஸ்லோவின் மூங்க் மியூசியமும் ஏழு கம்ப்யூட்டர் தூரிகைகளை வெளியிட்டன. கைல் வெப்ஸ்டர் என்ற கலைஞர் அவற்றைச் செய்து கொடுத்தார். அங்கே ஒரு மியூசியமும் ஒரு பெரிய கம்பெனியும் சேர்ந்து செய்த காரியம். இங்கே ஒரு மகனுக்குப் பரண்தான் மியூசியம்.

"அப்போ, இது உங்க நைனா எழுத்துதானா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாமோ என்று உடனே தோன்றியது.

அவர் பதில் சொல்லவில்லை. மேஜைமேலிருந்த பலகைமேல் பேனாவை ஓட்டி 'நி' எழுதினார். காய்ந்த மயிர் இழுபட்ட கீறல்கள்கூடத் திரையில் அப்படியே விழுந்தன. 'ழ' வந்ததும் கை நின்றது. எழுதினார், அழித்தார். மறுபடி எழுதினார், மறுபடி அழித்தார்.

"மயிரு நைனாது சார். ஆனா 'ழ'வோட வாலை அவரு ஒரே மூச்சுல சுழிச்சிடுவாரு. அது எனக்கு வரல."

நாலாவது தடவை எழுதியதை அவர் அழிக்கவில்லை. 'ல்' எழுதிப் புள்ளி வைத்து, எங்கள் பக்கம் திரும்பினார்.

"பிழை ஒன்றும் இல்லையே?" என்று நண்பர் என்னைக் கேட்டார்.

'ழ'வின் வாலில் ஒரு சிறு நடுக்கம் இருந்தது. ஒன்றுமில்லை என்று சொன்னேன்.