பெயர் பிறகு வரட்டும்

அணி பாடம் தொடங்கும் நாளில் கரும்பலகையில் இரண்டே சொற்கள் எழுதுவேன்: மதிமுகம், முகமதி. வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன். பிறகு ஒரு கேள்வி: ‘எதில் முகம் இருக்கிறது, எதில் காணாமல் போகிறது?’ பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கொஞ்சநேரம் முணுமுணுத்துவிட்டுச் சரியாகவே சொல்லிவிடுவார்கள். இப்படிச் சேர்ந்து வரும் சொற்களில் கடைசியில் நிற்பதற்குத்தான் ஆட்சி. மதிமுகத்தில் முகம் முகமாகவே இருக்கிறது. நிலவின் அழகு அதன்மேல் படிகிறது. முகமதியில் முகமே நிலவாகிவிட்டது. ‘போல’ என்ற உருபுகூட வேண்டியதில்லை, இடம் மாறினால் போதும். இது காதில் ஏறிய பிறகே உவமை, உருவகம் என்ற பெயர்களை எழுதுவேன்.

ஆரம்ப ஆண்டுகளில் நான் இப்படி நடத்தவில்லை. அணி விளக்கம், சான்று, அணிப்பொருத்தம் என்று தேர்வுத்தாளின் வரிசையிலேயே போனேன். பிள்ளைகள் ஒப்பித்தார்கள், மதிப்பெண்ணும் வாங்கினார்கள். பாடத்தில் இல்லாத ஒரு வரியைக் கொடுத்தால் திகைத்தார்கள். தவறு என்னுடையது.

தண்டியலங்காரம் சொல்லும் பொருளணிகள் 35. அவற்றுள் பிள்ளைகள் மிகவும் அஞ்சுவது தற்குறிப்பேற்ற அணிக்கு. பாதி அச்சம் பெயரின் நீளத்தால் வருவது. தன், குறிப்பு, ஏற்றம் என்று பிரித்தால் பெயரே விளக்கமாகிவிடும். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது கோட்டைக் கொடிகள் காற்றில் அசைகின்றன. அது இயல்பு. உள்ளே வர வேண்டாமென்று அவை தடுப்பதாகக் காண்பது இளங்கோவடிகளின் மனம். வரப்போகும் துயரம் கொடிக்குத் தெரியாது, கவிஞருக்குத் தெரியும். இதைச் சொல்லும்போது வகுப்பு ஒவ்வோர் ஆண்டும் அமைதியாகிவிடும்.

ஆகுபெயருக்கு எனக்கு வழிகாட்டியவள் ஒரு மாணவி. பதினாறு வகைகளையும் எழுதிப் போட்டுவிட்டு, வீட்டுப் பேச்சில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். பூக்கட்டி விற்பவரின் மகள் எழுந்தாள்.

“அம்மாகிட்ட ‘ரெண்டு முழம் குடுங்க’ன்னுதான் சார் கேப்பாங்க. பூன்னு யாரும் சொல்லமாட்டாங்க.”

“முழத்தையா கொடுப்பாங்க?”

“இல்ல சார், பூவைத்தான்.”

முழம் என்ற அளவு, அளக்கப்படும் பூவுக்குப் பெயராகி வந்திருக்கிறது. நீட்டலளவை ஆகுபெயர் என்று எழுதினேன். அடுத்த நொடியே இன்னொருவன் ‘அரை லிட்டர் போடுங்க’ என்று பால்காரரிடம் கேட்பதைச் சொன்னான், அது முகத்தலளவை. ‘ஊரே சிரிச்சுது’ என்றாள் மூன்றாமவள், இடவாகுபெயர். அந்த மணி முடிவதற்குள் பலகையில் எழுத இடமில்லை.

தமிழ் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அணியோ ஆகுபெயரோ நடத்தப்போகும்போது, விளக்கத்தை எழுதுமுன் பிள்ளைகளிடம் அவர்கள் வீட்டு வாக்கியம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.