பொறுத்தலும் பொருத்தலும்

ஜோகூர் பாருவிலுள்ள அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் ஆலயத்தைக் கண்ணாடிக் கோயில் என்றே பலரும் அறிவர். 1922-ஆம் ஆண்டில் எளிமையாகத் தொடங்கிய அக்கோயில், 2009-இல் ஏறத்தாழ 3 இலட்சம் கண்ணாடித் துண்டுகள் பதித்த எழிலாலயமாயிற்று. அங்குள்ள வளைவொன்றை உற்று நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். துண்டுகள் நெருங்கி நிற்கின்றன. ஆயினும் அவற்றில் தெரியும் விளக்கொளி ஒரே கோடாக ஓடுவதில்லை. விளிம்புகள் அடுத்தடுத்து அமைந்தாலும் பரப்புகள் நோக்கும் திசை துண்டுக்குத் துண்டு மாறுவதே காரணம்.

அந்நகரில் கணினிவழி முப்பரிமாண வடிவமைப்புப் பயின்ற மாணவன் ஒருவன், அகல்விளக்கு ஒன்றை உருவாக்க முனைந்தான். எண்ணெய் நிற்கும் கிண்ணத்தையும் திரி கிடக்கும் மூக்கையும் தனித்தனிப் பரப்புகளாக வரைந்து, இணைக்குமாறு பணித்தான். கணினி இணங்கவில்லை. இரு விளிம்புகளுக்கும் இடையே 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. மென்பொருளில் குறித்திருந்த எல்லையோ 0.01 மில்லிமீட்டர். அதற்கு உட்பட்ட இடைவெளியையே அஃது இணைப்பென ஏற்கும். ‘டாலரன்ஸ்’ என வழங்கும் இதனைப் பொறுத்துக்கொள்ளும் எல்லை எனலாம்.

மாணவன் அவ்வெல்லையை 0.5 ஆக உயர்த்தினான். மறுகணமே பரப்புகள் இணைந்தன. ஆனால், அச்சிடுவதற்காக உருவத்தைச் சிறு முக்கோணங்களாகப் பிரித்தபோது, இணைப்பின் நெடுகிலும் பிளவு வெளிப்பட்டது.

“எல்லையை நீட்டினாய், விளிம்பை நகர்த்தினாயா, தம்பி?” என்று வினவினார் ஆசிரியர்.

அவ்வினாவில் பாடம் முழுவதும் அடங்கியிருந்தது. இடைவெளி இருந்தவாறே இருந்தது. அதைக் காணாதிருக்கக் கணினி இசைந்தது, அவ்வளவே.

எல்லை பழைய அளவுக்கே திரும்பியது. கிண்ணத்தின் விளிம்பையே மூக்கின் தொடக்கக் கோடாகக் கொண்டு மாணவன் பரப்பை மீண்டும் வரைந்தான். இம்முறை இணைப்பு உண்மையாயிற்று. எனினும் தொடும் இடத்தில் ஒரு மடிப்புத் தெரிந்தது. தொடுதல் இணைப்பின் முதல் நிலையே. தொடுமிடத்தில் இரு பரப்புகளின் திசையும் ஒன்றுதல் இரண்டாம் நிலை. வளைவின் அளவும் ஒன்றுதல் மூன்றாம் நிலை. இவற்றுள் எது வேண்டுமென மென்பொருளில் தெரிவு செய்யலாம்.

இணைப்பைச் சோதிக்க, பரப்பின்மீது கறுப்பு வெள்ளைப் பட்டைகள் எதிரொளிப்பதுபோல் காட்டும் வசதியும் உண்டு. முதல் நிலையில் பட்டைகள் இணைப்பில் அறுபட்டு விலகும். இரண்டாம் நிலையில் தொடர்ந்தாலும் முறுக்கித் திரும்பும். மூன்றாம் நிலையில் தடையின்றி ஒழுகும். எல்லாவிடத்தும் மூன்றாம் நிலை வேண்டுவதில்லை. பெட்டியின் மூலைக்கு முதல் நிலையே சாலும். விளக்கின் மூக்குக்கோ இழைந்த வளைவே அழகு.

கண்ணாடிக் கோயிலில் ஒளி முறிவது பிழையன்று. கைவினைஞர் அறிந்தே அமைத்த அழகு. மாணவன் முதலில் செய்ததோ, பிழையை மறைத்து அதற்கு இணைப்பு எனப் பெயரிட்டது. பொறையுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், குற்றங்கடிதலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். பிறர் பிழையைப் பொறுப்பது பண்பு. தன் வேலையின் பிழையைக் கடிவதே தொழில். எல்லையை எவ்வளவு நீட்டிப் பொறுத்தாலும், விளிம்பு நகராதவரை எதுவும் பொருந்துவதில்லை.