அப்பாவுக்குக் கேட்காத சத்தம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. திருச்சி உறையூரில் அந்தத் தெரு இன்னும் முழுதாக விழிக்கவில்லை. வாசலில் நின்ற வெள்ளை அம்பாசடரில் ஏறி உட்கார்ந்து, அவர் சாவியைத் திருப்பினார்.

'கர்ர்ர்ர்...'

இரும்பை இரும்பால் அராவுவது போன்ற சத்தம். எதிர்வீட்டுத் திண்ணையில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மகளுக்குப் பல் கூசியது. மறுபடியும் 'கர்ர்ர்ர்'. மூன்றாவது முறைதான் இன்ஜின் பிடித்தது.

"அப்பா, செல்ஃப் போடும்போது ரொம்ப சத்தம் வருது. மெக்கானிக்கிட்ட காட்டுங்களேன்" என்று மேலிருந்தே கத்தினாள்.

"பேட்டரி வீக்கா இருக்கும்மா. பாத்துக்கலாம்."

மூன்று மாதமாக இதே பதில்தான். இதற்குள் புது பேட்டரி வாங்கியாயிற்று. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷும் மாற்றியாயிற்று. சத்தம் மட்டும் போகவில்லை.

அவருக்கு வயது 71. முப்பது வருடங்களுக்கு மேல் டாக்சி ஓட்டியவர். அந்த 1996 மாடல் டீசல் அம்பாசடர்தான் வீட்டுக்குச் சோறு போட்டது, மகளைப் படிக்க வைத்தது, அவள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்கும் போனது. மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் இருந்த தொழிற்சாலை 2014-ல் அம்பாசடர் தயாரிப்பை நிறுத்தியபோது, "இனிமே இதுக்கு மவுசு கூடும் பாரு" என்று சிரித்தாரே தவிர, வண்டியை விற்க ஒப்புக்கொள்ளவில்லை. டாக்சி ஓட்டுவதை விட்ட பிறகும் சொந்த வண்டியாக மாற்றி வைத்துக்கொண்டார்.

வண்டிகளைப் பொறுத்தவரை அவர் கண்ணைவிடக் காதைத்தான் நம்புவார். தெருவில் போகும் புல்லட்டைத் திரும்பிப் பார்க்காமலே, "செயின் லூஸா இருக்கு" என்பார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடும் இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்பார். எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். டாக்டர் வைக்கும் ஸ்டெதஸ்கோப் மாதிரிதான் அதுவும்.

அப்படிப்பட்டவருக்குத் தெருவே கேட்கிற சத்தம் கேட்காமல் இருக்குமா? பிடிவாதம் என்றுதான் மகள் நினைத்தாள். மூன்று வருடங்களுக்கு முன் அம்மா இறந்ததிலிருந்து அப்பா பேச்சைக் குறைத்துவிட்டார். எதைச் சொன்னாலும் 'ம்' என்று ஒரு பதில். அந்த 'ம்'மில் அவளுக்குள் கோபம் சேர்ந்துகொண்டே வந்தது.

அது உடைந்தது சமயபுரத்தில்.

அன்று தரிசனம் முடிந்து கிளம்பும்போது வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பார்க்கிங்கில் பின்னால் நான்கு கார்கள் காத்திருந்தன. அவர் சாவியைத் திருப்பிப் பிடித்தார். 'கர்ர்ர்ர்' என்று அலறியது. டோக்கன் கொடுக்கிற பையன் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான். மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் எந்தச் சுளிப்பும் இல்லை. அமைதியான வீட்டில் சுவிட்ச் போடுகிறவர் முகம் போல இருந்தது.

இது பிடிவாதம் இல்லை. அப்பாவுக்கு இது கேட்கவே இல்லை. முதன்முறையாக அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் ஓடி வந்தார். "ஐயா, சாவிய விடுங்க! பல்லு போயிருக்கு. ஆஃப் பண்ணிட்டு டாப் கியர்ல போடுங்க." நான்கு பேர் சேர்ந்து காரை ஒரு அடி முன்னே தள்ளினார்கள். பிறகு கியரை எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார் அப்பா. எந்தக் கரகரப்பும் இல்லாமல் முதல் திருப்பிலேயே இன்ஜின் ஓடியது.

மறுநாள் வண்டி பட்டறைக்குப் போனது. மெக்கானிக், ஒரு காலத்தில் அப்பாவிடம் கிளீனராக இருந்தவர்.

"அந்த ஆட்டோக்காரர் சொன்னது சரிதாண்ணே" என்றார். மகளுக்காக நிதானமாக விளக்கினார்.

இன்ஜினின் பின்பக்கம் ஃப்ளைவீல் என்ற கனமான இரும்புச் சக்கரம் இருக்கிறது. அதைச் சுற்றி வளையல் போட்ட மாதிரி ஒரு பல் வளையம், அதுதான் ரிங் கியர். சாவியைத் திருப்பியதும் செல்ஃப் மோட்டாரிலிருந்து பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் வெளியே வந்து ரிங் கியரைப் பிடித்துச் சுற்றும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் பினியன் உள்ளே போய்விட வேண்டும். இரண்டின் பற்களும் சரியாகக் கோத்துக்கொள்ளாவிட்டால் வருவதுதான் அந்த 'கர்ர்'.

"ஆனா ஒரு அடி தள்ளினதும் எப்படிண்ணே சரியாச்சு?"

"நாலு சிலிண்டர் இன்ஜின் ஆஃப் ஆகும்போது பெரும்பாலும் ரெண்டே இடத்துலதான் வந்து நிக்கும்மா. உள்ளே காத்து அமுங்குற அழுத்தம் அதுக்கு மேல சுத்த விடாது. அதனால தினமும் அந்த ரெண்டு இடத்துப் பல்லுலதான் பினியன் மோதும். அந்த இடம் மட்டும் தேஞ்சுபோகும். கியர்ல போட்டுத் தள்ளினா ஃப்ளைவீல் கொஞ்சம் சுத்தி, நல்ல பல்லு முன்னால வந்துடும். அது வீடு போய்ச் சேர ஒரு வழி, அவ்வளவுதான். வைத்தியம் கிடையாது."

சத்தத்தை வைத்தே பாதிக் கோளாறைப் பிரித்துவிடலாம் என்றார் அவர். சாவியைத் திருப்பியதும் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு அடங்கிவிட்டால், முதலில் பேட்டரியையும் அதன் டெர்மினல்களையும் பார்க்க வேண்டும். 'விர்ர்' என்று மோட்டார் மட்டும் சுற்றி இன்ஜின் அசையாவிட்டால், பினியன் வெளியே வரவில்லை அல்லது அதனுள் இருக்கும் கிளட்ச் வழுக்குகிறது. 'கர்ர்' என்று அரைத்தால், மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்து அது விலகியிருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். இல்லையென்றால் பல் தேய்ந்திருக்கிறது. இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகும் அரைத்தால், பினியன் திரும்ப உள்ளே போகவில்லை. எதுவானாலும் அரைக்கும்போது சாவியைப் பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது. பிடித்திருக்கும் ஒவ்வொரு நொடியும் பல் போகும்.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, செல்ஃப் மோட்டாரை இறக்கினார். அது இருந்த துளை வழியாக மகள் செல்போன் வெளிச்சத்தைக் காட்ட, பையன்கள் காரை டாப் கியரில் போட்டு விரற்கடை விரற்கடையாகத் தள்ளினார்கள். பற்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து வந்தன. நல்ல பல், நல்ல பல், நல்ல பல்... திடீரென்று ஒரு கையகலத்துக்குப் பற்கள் மழுங்கி, ஓரம் நசுங்கிக் கிடந்தன. சக்கரம் இன்னும் பாதிச் சுற்று வந்ததும் அதே போல மறுபடியும்.

அப்பா ஆள்காட்டி விரலைத் துளைக்குள் விட்டு அந்தப் பற்களைத் தடவிப் பார்த்தார். விரலை எடுத்து அதிலிருந்த இரும்புத் துகளை வேட்டியில் துடைத்தார்.

"இது எத்தனை நாளாம்மா?"

"மூணு மாசமாப்பா."

"எனக்குக் கேக்கலையே."

"நான் சொன்னேன்ப்பா."

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "நீ சொன்னதும் சரியா கேக்கலம்மா. ஏதோ சொல்றேன்னு தெரியும். என்னன்னு தெரியாது. எத்தனை தடவை 'என்ன, என்ன'ன்னு கேக்கறது? அதான் 'ம்'னு சொல்லிடுவேன்" என்றார்.

மகள் செல்போன் வெளிச்சத்தை அணைத்தாள். மூன்று வருடக் கோபத்தை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வயதாகும்போது காது ஒரேயடியாகக் கேட்காமல் போவதில்லை. பெரும்பாலும் கீச்சென்ற மெல்லிய ஒலிகள்தான் முதலில் மங்கும். கனத்த ஒலிகள் நீண்ட நாள் கேட்கும். அதனால்தான் டீசல் இன்ஜினின் 'டக டக' அவருக்குக் கேட்டது, பற்கள் உரசும் கிறீச்சொலி கேட்கவில்லை. பேச்சிலும் இப்படித்தான். குரல் கேட்கும். ஆனால் ச, த, ஸ போன்ற ஒலிகள் கரைந்துபோய் வார்த்தை புரியாது. காதுக்குள் நடப்பது வெளியே தெரியாது என்பதால், வீட்டில் இருப்பவர்கள் அதை அலட்சியம் என்றோ பிடிவாதம் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள்.

வண்டிக்கு இரண்டு நாள் வேலை. கியர்பாக்ஸை இறக்கி, ஃப்ளைவீலைக் கழற்றி, பழைய ரிங் கியரை எடுத்தார்கள். புது வளையத்தைச் சூடாக்கி விரியவைத்து ஃப்ளைவீலில் பொருத்த, ஆறியதும் அது சுருங்கி இறுகப் பிடித்துக்கொண்டது. பினியனும் மாற்றப்பட்டது.

அந்த இரண்டு நாளுக்குள் மகள் அவரை அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அழைத்துப் போனாள். ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். தாழ்ந்த ஒலிகளுக்கு டக் டக்கென்று அழுத்தினார். பிறகு விரல் பட்டன் மேலேயே காத்துக்கொண்டிருந்தது. வெளியே வந்த வரைபடத்தில் கோடு வலப்பக்கம் போகப் போக இறங்கியிருந்தது. "ரிங் கியர் மாதிரிதான். ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு" என்று அவரே சிரித்தார்.

காது மெஷின் பழக ஒரு மாதம் ஆனது. முதல் வாரம் பாத்திரச் சத்தம் தாங்காமல் இரண்டு முறை கழற்றி வைத்தார். மகள் கத்திப் பேசுவதை விட்டுவிட்டு, எதிரில் வந்து முகம் பார்த்துப் பேசப் பழகிக்கொண்டாள்.

அடுத்த முறை சமயபுரம் போனபோது சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது. தெருமுனையில் திரும்புவதற்காக இண்டிகேட்டர் போட்டார். திரும்பியதும் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"என்னப்பா ஆச்சு?"

"உஸ்ஸ்... டிக் டிக்னு ஒரு சத்தம் வருது பாரு. எங்கேருந்து வருது?"

"இண்டிகேட்டர்ப்பா. எப்பவும் வர்றதுதான். நீங்கதான் திரும்பின பிறகும் ஆஃப் பண்ணாம ரொம்ப தூரம் ஓட்டுவீங்க."

"சொல்லியிருக்கலாம்ல?"

மகள் பதில் சொல்லாமல் அவரைப் பார்த்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கை நீட்டி இண்டிகேட்டரை அணைத்துவிட்டு, வண்டியை எடுத்தார்.