ராணுவத் தளபதி கையெழுத்து போட்ட யுனிவர்சிட்டி

காலேஜ்ல சேரும்போது நம்ம வீட்ல கேட்கிற முதல் கேள்வி, "அப்ரூவல் இருக்கா?" மினி புராஜெக்ட்டுக்குப் பேப்பர் தேடினப்போ 'அரியேல் யுனிவர்சிட்டி'ங்கிற பேர் கண்ணில் பட்டது. கூகுளில் தேடிப் பார்த்தேன். அப்ரூவல் இருக்கு! ஆனா 2012-ல் அதற்குப் பல்கலைக்கழக அந்தஸ்து தர இறுதிக் கையெழுத்து போட்டவர் ஒரு இஸ்ரேல் ராணுவத் தளபதி.

படிப்புக்கும் ராணுவத்துக்கும் என்ன சம்பந்தம்?

அரியேல், 1978-ல் மேற்குக் கரையில் இஸ்ரேல் உருவாக்கிய குடியேற்றம். இன்று சுமார் 20,000 பேர் வாழும் ஊர். 1967 போரில் கைப்பற்றிய மேற்குக் கரையை, கிழக்கு ஜெருசலேம் தவிர, இஸ்ரேல் சட்டப்படி தன்னோடு இணைக்கவில்லை. அங்கே மேலதிகாரம் ராணுவத்துக்குத்தான்.

ஒரு நாடு தான் ஆக்கிரமித்த மண்ணில் தன் மக்களைக் குடியேற்றக் கூடாது என்கிறது 1949-ன் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை, பிரிவு 49. இதை வைத்துத்தான் சர்வதேச நீதிமன்றம் 2004-லும் 2024-லும் குடியேற்றங்கள் சட்டவிரோதம்னு கருத்து சொன்னது.

இஸ்ரேல் இதை ஏற்பதில்லை. "முன்னாடி அங்கே இருந்த ஜோர்டானின் உரிமையையே உலகம் ஏற்கலையே? அப்புறம் அது எப்படி ஆக்கிரமிப்பு? அது தகராறில் உள்ள நிலம். எங்க மக்களும் தாங்களா விரும்பித்தான் போனாங்க" என்பது அதன் வாதம்.

முதலில் எனக்கும் இது நியாயமாத்தான் பட்டது. ஆனா 1967-லேயே இஸ்ரேல் வெளியுறவுத் துறையின் சட்ட ஆலோசகர் தியோடோர் மெரோன், அங்கே சிவிலியன்களைக் குடியேற்றுவது ஜெனீவா உடன்படிக்கையை மீறும்னு தன் அரசுக்கே எழுதிக் கொடுத்திருக்கார். அதைப் படிச்ச பிறகு அந்த வாதம் எனக்கு நிற்கலை. சொந்த மண்ணுன்னா காலேஜ் அப்ரூவலுக்குத் தளபதி எதுக்கு?

2018-ல் சட்டம் மாறி, அரியேல் இஸ்ரேலின் உயர்கல்விக் கவுன்சிலின் கீழ் வந்தது. 'ஓசையில்லாமல் நிலத்தையே இணைக்கிறாங்க'ன்னு விமர்சகர்கள் சொன்னாங்க. ஐரோப்பிய ஒன்றியமோ 2014 முதலே குடியேற்றங்களில் உள்ள நிறுவனங்களுக்கு ஆராய்ச்சி நிதி தருவதில்லை.

அங்கே சிவில், எலெக்ட்ரிக்கல் படிக்கிற பசங்க மேல எனக்குக் கோபமில்லை. இஸ்ரேலிய அரபு மாணவர்களும் அங்கே படிக்கிறாங்க. ஆனா பக்கத்திலேயே சல்ஃபித்னு ஒரு பாலஸ்தீன ஊர் இருக்கு. அங்கே நம்ம வயசுல ஒருத்தன் இருப்பான். அவன் ஊர்லேர்ந்து பார்த்தா அந்தக் கேம்பஸ் பக்கம்தான். ஆனா பெர்மிட் இல்லாம அவன் அரியேலுக்குள்ள கால் வைக்க முடியாது.