ஆறு மாதத்திற்கு ஒரு நாள்

மலேசியாவில் பயணிகளை ஏற்றிச் செல்லும் பேருந்து ஆறு மாதத்திற்கு ஒருமுறை சோதனை நிலையம் சென்று தேறி வரவேண்டும். பள்ளிப் பேருந்தும் இதற்கு விலக்கன்று. அங்கே சக்கரங்களை உருளைகளின்மேல் நிறுத்திப் பிரேக்கின் வலிமையை அளப்பர். இடமும் வலமும் ஒத்துப் பிடிக்கின்றனவா என்பதே முதன்மையான கேள்வி. ஒன்று பிடித்து மற்றொன்று நழுவுமாயின் வண்டி ஒருபுறமாக இழுத்துச் செல்லும்.

ஆயினும் அன்று தேறிய பிரேக் மறுநாளே தேயத் தொடங்குகிறது. மலைச்சாலையில் ஓடும் வண்டிக்கு ஆறு மாதம் நெடுங்காலம். சோதனைக்கென நல்ல டயர்களை இரவல் வாங்கிப் பூட்டிப் பின் கழற்றிவிடுவோரும் உளர் என்பது ஊரறிந்த செய்தி. தேர்வுக்கு முதல்நாள் மட்டும் படிக்கும் மாணவனை அறிந்த ஆசிரியர்க்கு இவர்களை விளக்க வேண்டுவதில்லை.

2013 ஆகஸ்டு 21இல் கெந்திங் மலைச்சாலையில் பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து 37 பேர் மாண்டனர். 2025 ஜூன் 9இல் கெரிக் அருகே சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர் 15 பேர் உயிரிழந்தனர். ஆசிரியர்களை உருவாக்கும் கல்விக்கூடம் அது.

பெரிய பேருந்தில் காற்றழுத்தம் காட்டும் முள் உரிய இடத்தை எட்டும்வரை ஓட்டுநர் வண்டியை நகர்த்தலாகாது. முதல் மணி அடிக்குமுன் மூன்று குடியிருப்புகளைச் சுற்றிவர வேண்டியவருக்கு அந்தச் சில நிமிடங்களை யார் கொடுப்பது?