கைநாட்டு வைத்தவன் நான்

இருபது வருடமாக என்னை 'கம்ப்யூட்டர் தம்பி' என்று கூப்பிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டுக் கணினியின் காவலை நிறுத்தி வைத்தது நான்தான். தெரிந்தே நிறுத்தினேன், வீட்டுக்கு 40 வெள்ளி வாங்கிக்கொண்டு நிறுத்தினேன். அதனால் ஒரு வீட்டில் பணம் பறிபோனது. அந்தப் பழி பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்தியின் தலையில் விழுந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் வாய் திறக்கவில்லை.

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். அப்பா பால்மரம் வெட்டினார். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், வெயில் ஏறியதும் பால் வாளியோடு திரும்புவார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆபீசில் கிராணி நீட்டும் தாளில் கைநாட்டு வைப்பார். ஒரு மாதம், வாங்காத முன்பணத்துக்குச் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். கேட்டதற்கு, 'நீதானே விரல் வைத்தாய்' என்று அவருடைய கட்டைவிரல் ரேகையையே காட்டினார்கள். அன்று ராத்திரி அப்பா என்னிடம் சொன்னார்: "என்ன எழுதியிருக்குன்னு தெரியாம விரல நீட்டாத. தெரியாதவன நீட்டவும் விடாத. அதுக்குத்தான் உன்னப் படிக்க வைக்கிறேன்."

பிற்பாடு தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். லயம் காலியானது. சனங்கள் புந்தோங், ஜெலப்பாங், செம்மோர், சுங்கை சிப்புட் தாமான்கள் என்று சிதறினார்கள். நான் ஈப்போவில் ஒரு கிடங்கில் கிராணி வேலைக்குச் சேர்ந்தேன். சிதறினாலும் 'நம்ம தோட்டத்து ஆள்' என்ற சொல் மட்டும் சிதறவில்லை. கல்யாணம், கருமாதி, ஈபிஎஃப் பாரம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் தோட்டத்து ஆளைத்தான் தேடுவார்கள். கணினிக்கு என்னைத் தேடினார்கள்.

எனக்கு அந்தப் பெயர் வந்தது 2003 ஆகஸ்டில். பிளாஸ்டர் என்ற புழு உலகம் முழுக்கப் பரவிய மாதம் அது. இணையத்தில் சேர்ந்த சற்று நேரத்தில் திரையில் ஒரு பெட்டி வந்து 60 வினாடியை எண்ணத் தொடங்கும், எண்ணி முடித்ததும் கணினி தானாக அணையும். வீட்டு போனில் 1515 சுழற்றி இணையத்துக்குப் போன காலம். அந்தப் புழு நுழையும் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது. என் கணினியில் அது ஏறவில்லை. நான் போட்டிருந்தது பத்து வெள்ளிக் கள்ள சிடியில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி. திருட்டு பிடிபட்டுவிடுமோ என்று பயந்து, புதுப்பிப்புகளை நானே நிறுத்தி வைத்திருந்தேன். ஒரு வாரம் போராடி என் கணினியைச் சரிசெய்தேன். பிறகு பக்கத்து வீடு, அதற்கடுத்து அத்தை வீடு. 'தம்பி கைபட்டா சரியாயிடும்' என்றார்கள்.

ஆக, புதுப்பிப்பை மூடினால் என்ன ஆகும் என்பது எனக்கு 2003இலேயே தெரியும். அந்தப் படிப்பினை இருந்தும் அடுத்த பதினேழு ஆண்டுகள் நான் செய்தது என்னவென்று சொல்கிறேன்.

சீனன் கடையில் கடன் எழுதும் 555 புத்தகம் ஒன்று என் சட்டைப் பையில் இருக்கும். கணினி போட்டுக்கொடுத்த வீடுகளை அதில் எழுதி வைத்தேன். மொத்தம் 31 வீடு, 1,240 வெள்ளி. விண்டோஸ், கடிதம் தட்டச்சு செய்யும் ஆபீஸ் மென்பொருள், படம் திருத்தும் மென்பொருள் எல்லாமே பூட்டு உடைக்கப்பட்டவை. உடைக்கும் கருவியைத் திறந்ததும் கணினியின் காவல் மென்பொருள் அதைப் பிடித்துவிடும். அதனால் அந்தக் கருவியோடு வரும் குறிப்பின் முதல் வரியே 'காவலை நிறுத்து' என்றுதான் இருக்கும். விண்டோஸ் 10 வந்த பிறகு, நிறுத்தினாலும் காவல் கொஞ்ச நேரத்தில் தானாக எழுந்துகொண்டது. அதற்கும் நான் வழி கண்டுபிடித்தேன். 'இந்த இடத்தைச் சோதிக்காதே' என்று சொல்லி வைக்கும் விலக்குப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் ஒரு கோப்பின் பெயரை மட்டும் எழுதினாலே போதும். நான் சி டிரைவ் முழுவதையும் எழுதினேன். திரும்பத் திரும்ப என்னைக் கூப்பிடக்கூடாது என்பதுதான் காரணம்.

அப்படி எழுதியபின் திரையில் பச்சை அடையாளம் தெரியும், எல்லாம் பத்திரம் என்று சொல்லும். தோட்டத்து கேட்டில் காவல்கார ஜாகா உடுப்பு மாட்டி உட்கார்ந்திருக்கிறார், நான் அவர் கண்ணைக் கட்டிவிட்டேன் என்பதுதான் அதன் பொருள்.

2016இல் ஜெலப்பாங்கில் ஓர் அக்கா வீட்டுக்குப் போனேன். அவரும் எங்கள் லயத்துக்காரர். கணவர் இல்லை. கேன்டீனில் சமைத்து மகளை வளர்த்தார். மகளின் படிப்புக்காகப் பழைய கணினி ஒன்று வாங்கியிருந்தார். நான் வேலையை ஆரம்பித்தேன், எதிர்பார்த்தபடி சிவப்பு எச்சரிக்கை வந்தது. தேநீர் கொண்டு வந்த அக்கா திரையைப் பார்த்துக் கேட்டார்.

"என்னா தம்பி, செவப்பா வருது?"

"அது ஒன்னும் இல்லக்கா. சும்மா பயமுறுத்தும்."

"சரி, நீ பாத்துக்க."

ஒப்பந்தம் என்று ஒரு பக்கம் முழுக்க எழுத்து வந்தது. அவருக்கும் படித்துக் காட்டாமல், நானும் படிக்காமல், 'சம்மதம்' என்பதை அழுத்தினேன். அவர் வீட்டுக் கணினியில் அவருக்காக நான் வைத்த கைநாட்டு அது. அப்பா விரல் வைத்த தாளை நீட்டிய கிராணிக்கும் எனக்கும் அந்த நிமிடத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்தது. வங்கியும் வந்தது. பந்துவான் பிரிஹாத்தின் நாசியோனல் உதவிப் பணம் கணக்கில் ஏறியதா என்று பார்க்க, அக்காவும் மகளும் அந்தக் கணினியில்தான் வங்கிப் பக்கத்தைத் திறந்தார்கள். கடவுச்சொல்லை உலாவியே ஞாபகம் வைத்துக்கொண்டது. மகள் அப்போது நாலாம் படிவம். ஆசிரியர் அனுப்பிய பயிற்சித்தாளை நிரப்பித் திருப்பி அனுப்ப, பிடிஎஃப் திருத்தும் இலவச மென்பொருள் ஒன்றைத் தேடி இறக்கினாள். அதனோடு ஒட்டிக்கொண்டு வந்தது ஒரு கடவுச்சொல் திருடி.

இந்த வகை உளவு மென்பொருள் கணினியைக் கெடுப்பதில்லை. ரப்பர் மரத்தில் மெல்லிய சீவல் எடுப்பதுபோலத்தான் இதன் வேலை. மரம் பச்சையாக நிற்கும், பால் மட்டும் வேறொருவர் வாளியில் விழும். உலாவி சேமித்து வைத்த கடவுச்சொற்களைப் படித்து, தூரத்தில் இருக்கும் யாருக்கோ அனுப்பிவிடும்.

மே மாதத்தில் ஒரு மத்தியானம் அக்காவுக்குப் போன் வந்தது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னவன், கணக்கில் எவ்வளவு இருக்கிறது, உதவிப் பணம் எந்தத் தேதியில் ஏறியது என்று எல்லாவற்றையும் சரியாகச் சொன்னான். உள்ளே நுழைந்து பார்த்தவனுக்கு அது தெரியாமல் இருக்குமா? 'உங்க கணக்குல யாரோ கை வெக்கிறாங்க, தடுக்கணும், போனுக்கு வந்த நம்பரச் சொல்லுங்க' என்றான். கணக்கு விவரம் அத்தனையும் சொல்கிறவனை எப்படிச் சந்தேகப்படுவது? அக்கா ஆறு எண்களையும் சொன்னார். மகளின் மேற்படிப்புக்குச் சேர்த்த 7,400 வெள்ளி மூன்று தவணையில் போய்விட்டது.

ஜூனில் கட்டுப்பாடு தளர்ந்ததும் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். போலீஸ் ரிப்போர்ட் செய்து முடித்திருந்தார்கள். வீட்டில் அக்காவின் அண்ணனும் இருந்தார். அந்தப் பிள்ளையைப் பார்த்து, "கண்டதையும் எறக்கி ஒங்கம்மா பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே" என்றார். அவள் சுவரோரம் நின்று கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கணினியைத் திறந்தேன். பச்சை அடையாளம் இருந்தது. விலக்குப் பட்டியலுக்குள் போனேன். நாலு வருடத்துக்கு முன் நான் எழுதிய சி என்ற ஒற்றை எழுத்து அப்படியே உட்கார்ந்திருந்தது. அதை எடுத்துவிட்டுச் சோதிக்கச் சொன்னேன். சில நிமிடங்களில் சிவப்பு எழுத்து வந்தது. அந்த பிடிஎஃப் மென்பொருளைப் பெயர் சொல்லிப் பிடித்தது. கண் கட்டாமல் விட்டிருந்தால், வாசலிலேயே மறித்திருக்கும்.

அந்த நொடியில் நான் திரும்பி, 'இது பிள்ளை தப்பு இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "வைரஸ் இருந்துச்சுக்கா, சுத்தம் பண்ணிட்டேன்" என்பதுதான். புறப்படும்போது அக்கா என் கையில் 20 வெள்ளி வைத்தார். வாங்கிக்கொண்டேன்.

செய்த தப்பைவிட அந்த மௌனம் பெரிது என்று இன்று எனக்குத் தெரிகிறது. காவலை நிறுத்தியதற்குச் சோம்பல் என்றோ ஆசை என்றோ பெயர் சொல்லலாம். ஒரு பிள்ளையைப் பலி கொடுத்து என் பெயரைக் காப்பாற்றியதற்கு என்ன பெயர் சொல்வது? ஐந்து மாதம் அப்படியே இருந்தேன். அவள் அதற்குப் பிறகு கணினியைத் தொடுவதே இல்லை, பாடத்தை அம்மாவின் கைப்பேசியில் பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டேன். கட்டைவிரல் ரேகையைக் காட்டியபோது தலைகுனிந்து நின்ற அப்பாவின் முகம் ராத்திரியில் வந்தது.

அக்டோபர் கடைசியில், தீபாவளிக்கு முறுக்கு பிழிந்துகொண்டிருந்த வீட்டுக்குப் போனேன். அண்ணனையும் வரச்சொல்லி, மூவர் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். அக்கா அழவில்லை, திட்டவும் இல்லை. மாவுக் கையோடு என்னைப் பார்த்துக் கேட்டார்: "அன்னைக்கே செவப்பா வந்துச்சே தம்பி. நான் கேட்டனே?"

நாலு வருடம் கழித்தும் அந்தக் கேள்வி அவருக்கு நினைவிருந்தது. கணினி தெரியாத அவர் சரியாகக் கேட்டிருந்தார். தெரிந்த நான் பொய் சொல்லியிருந்தேன். பணத்தைத் தவணையில் திருப்பிக் கொடுத்தேன். அவர் கேட்டதற்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகு 555 புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஐந்து வீடுகளில் கணினியையே தூக்கிப் போட்டுவிட்டார்கள். 22 வீடுகளில் உட்கார்ந்து நான் கட்டியதை நானே அவிழ்த்தேன். கள்ள விண்டோசை அழித்தேன், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை நீக்கினேன், சந்தேகமில்லாத வேறொரு கணினியிலிருந்து எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்ற வைத்தேன், மின்னஞ்சலுக்கு இரட்டைச் சரிபார்ப்பு போட்டேன், தினசரி வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு திறந்து கொடுத்தேன். கள்ள ஆபீசுக்குப் பதிலாக லிப்ரே ஆபீஸ் போட்டேன். அது 2010 முதல் சட்டப்படி இலவசமாகக் கிடைக்கிறது, தமிழும் நன்றாக வருகிறது. புது விண்டோசைத் தாங்காத பழைய கணினிகளில் லினக்ஸ் மின்ட் ஏற்றினேன். அதற்கும் காசு இல்லை.

அந்த வேலையின்போது நான் அறிந்த ஒன்று என்னை மிகவும் வருத்தியது. பூட்டை உடைக்காமல், பணமும் கட்டாமல் விட்ட விண்டோஸ் 10 கூடப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் பெற்றுக்கொண்டுதான் இருக்கும். மூலையில் ஒரு வாசகம் தெரியும், பின்னணிப் படத்தை மாற்ற விடாது, அவ்வளவுதான். அந்த வாசகத்தை மறைக்கத்தான் 31 வீட்டின் கதவை நான் திறந்து போட்டேன்.

இப்போது சில காவல்கள் பலமாகியிருக்கின்றன. குறுஞ்செய்தியில் எண் அனுப்பும் முறையைக் கைவிடும்படி பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சொன்னது. அடுத்த மாதமே தேசிய மோசடி நடவடிக்கை மையம் 997 என்ற எண்ணோடு வந்தது. பணம் போனது தெரிந்தவுடன், யாரைக் கேட்பது என்று யோசிக்காமல் முதலில் அதற்கு அடியுங்கள். பணம் கைமாறிக்கொண்டே போகும், ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. ஆனால் திருடனும் இடம் மாறிவிட்டான். இப்போது கல்யாண அழைப்பிதழ் என்று வாட்சப்பில் ஏபிகே என்ற செயலிக் கோப்பு வருகிறது. அதை அழுத்தினால் கைப்பேசியும் எச்சரிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து 'ஒன்னும் இல்ல, அழுத்து' என்று சொல்ல ஒரு தம்பி எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறான். அந்தத் தம்பிகளுக்குச் சொல்கிறேன். எச்சரிக்கையைப் படித்துக் காட்டு. புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல். உன்னை நம்பியவரின் விரலைப் பிடித்து நீ அழுத்தாதே.

அக்கா மகள் பிறகு உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் சேர்ந்தாள். சேருமுன் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. விலக்குப் பட்டியலை எப்படித் திறப்பது என்று மட்டும் கேட்டாள். காட்டினேன். இரண்டு முறை தானே திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "இனிமே நானே பாத்துக்கிறேன் மாமா" என்றாள். அந்தக் கணினியை அதற்குப் பிறகு நான் தொடவில்லை.

புத்தகத்தில் நாலு வரி இன்னும் அடிக்கப்படாமல் இருக்கிறது. வீடு மாறிப் போனவர்கள், போன் எண் மாறியவர்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அந்தக் கணினிகளை இன்னும் வைத்திருந்தால் ஆபத்து கூடியிருக்கிறது. இதைப் படிக்கும் நீங்கள் அந்த நால்வரில் ஒருவராக இருக்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்பு அமைப்புகளின் அடியில் எக்ஸ்குளூஷன்ஸ் என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே சி என்ற எழுத்து இருந்தால் அது நான் வைத்தது. உடனே எடுத்துவிடுங்கள். பிறகு என்னைக் கூப்பிடுங்கள். காசு வாங்காமல் வருகிறேன், திரையில் வருவதை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டுகிறேன்.