நாலு நாள் பிஸ்கட்

பென்னாகரம் பக்கம் தனக்கு அண்ணி முறையில் ஒருவர் வீட்டிலேயே சீஸ் பிஸ்கட் சுடுகிறார், கடை பிஸ்கட் மாதிரி கடக்கென்று இல்லை, வாயில் வைத்தால் கரைகிறது என்றாள் தோழி. களியும் கீரைக் குழம்புமாக வளர்ந்த மண்ணில் சீஸ் பிஸ்கட்டா? பார்த்தே ஆகவேண்டும் என்று தருமபுரியில் பஸ் ஏறினேன்.

அவர் சீஸ் என்று சொல்வது பாக்கெட்டில் வருவதல்ல. பாலைக் காய்ச்சி, எலுமிச்சைச் சாறு விட்டுத் திரியவைத்து, வேட்டித் துணியில் கட்டி, இரவெல்லாம் ஆணியில் தொங்கவிட்ட பன்னீர். நான் போன நேரத்தில்தான் மூட்டையைப் பிரித்தார். ஒரு சிட்டிகை எடுத்து நசுக்கினார். விரலில் ஈரம் மினுங்கியது. மறுபடி இறுக்கிக் கட்டி, மேலே குழவிக்கல்லைத் தூக்கி வைத்தார். "தண்ணி நின்னா தட்டுல ஓடிரும்க்கா, தோசையாட்டம்."

வெண்ணெய், சர்க்கரை, பன்னீர் மூன்றையும் குழைத்து, கோதுமை மாவோடு வறுத்த கேழ்வரகு மாவையும் சேர்க்கிறார். கேழ்வரகில் இழுத்துப் பிடிக்கும் பசை இல்லை. அது மட்டும் என்றால் உதிர்ந்துவிடும். அளவெல்லாம் கைக்கணக்கு. ஓவனில் 160 டிகிரி. அடி மட்டும் சிவந்து, நடுவில் தொட்டால் அமுங்கும்போதே தட்டை வெளியே இழுத்துவிடுகிறார். மீதி வேக்காட்டைத் தட்டின் சூடே பார்த்துக்கொள்கிறது. நன்றாக ஆறிய பிறகு, பால் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழைத்த சர்க்கரைப் பொடியில் ஒவ்வொன்றையும் தலைகீழாக முக்கி, ஒரு சுழற்றுச் சுழற்றி எடுத்தார். காய்ந்ததும் மேலே மெல்லிய வெள்ளை ஏடு.

கடித்துப் பார்த்தேன். தோழி சொன்னது உண்மை.

"கடையில எப்படிப் போகுது?" என்று கேட்டேன்.

"மெத்துன்னு இருந்தாத்தான் கேக்கறாங்க. மெத்துன்னு இருக்கறது நாலு நாளைக்கு மேல தாங்காதுக்கா. அஞ்சாம் நாள் கடைக்காரர் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துடறார்."

என்னைக் கொதிக்க வைத்தது இந்த ஏற்பாடுதான். விற்றால் விலையில் மூன்றில் ஒரு பங்கு கடைக்கு. விற்காவிட்டால் முழு நட்டமும் இவருக்கு. காசு கைக்கு வருவது அடுத்த மாதம். வெண்ணெய்க்கும் பாலுக்கும் மட்டும் அன்றைக்கே ரொக்கம். வறட்டு பிஸ்கட் என்றால் மாதக்கணக்கில் அலமாரியில் இருக்கும். ஈரம்தான் இந்தப் பிஸ்கட்டின் ருசி. அந்த ஈரமே இவரைக் கடைக்காரரின் தயவில் நிறுத்துகிறது. முதல் போடாத, அடுப்பு பக்கம் வராத ஒருவருக்கு மட்டும் இதில் நட்டமே கிடையாது. இதை வியாபாரம் என்று எப்படிச் சொல்வது?

இத்தனைக்கும், தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989ஆம் ஆண்டு, பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, முதன்முதலில் தொடங்கப்பட்டது இதே தருமபுரி மாவட்டத்தில்தான். கந்துவட்டியிலிருந்து பெண்களை மீட்ட பெரிய காரியம் அது. இவருடைய ஓவனும் குழுக் கடனில் வாங்கியதுதான். மத்திய அரசின் குறு உணவுத் தொழில் திட்டத்தில் குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனமும் அறிவிக்கப்பட்டது. கடன் வாங்க வழி இருக்கிறது. செய்த பண்டத்தை நியாயமாக விற்கத்தான் வழியில்லை. கடன் கொடுப்பதோடு வேலை முடிந்ததென்று அதிகாரிகள் நினைக்கக் கூடாது. பேருந்து நிலையத்திலும் உழவர் சந்தையிலும் இவர்களுக்கென்று ஒரு மேசை போட இடம் ஒதுக்கட்டும்.

அதுவரைக்கும் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் ஊரில் இப்படிச் சுடுகிற வீடு இருந்தால், முதல் நாளே சொல்லிவைத்து, முன்பணம் கொடுத்து, நேரே போய் வாங்குங்கள்.